தைராய்டு மாத்திரை போட ஆரம்பிச்சதும் தூக்கம் போச்சா? நிறுத்தும் முன் இதைப் படிங்க!

"மாத்திரை ஆரம்பிச்சதுல இருந்து ராத்திரி கண்ணே மூட முடியல. அதான் நிறுத்திட்டேன்." தைராய்டு பிரச்சனை உள்ளவர்கள் இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது.

நிறுத்தியதும் முதல் வாரம் நன்றாகத்தான் இருக்கும். இரண்டாவது வாரமும் பெரிதாக ஒன்றும் தெரியாது. "பார்த்தியா, மாத்திரைதான் காரணம்" என்று முடிவே கட்டிவிடுவார்கள். அதற்கப்புறம்தான் சிக்கல். உடம்பு கனக்கும், முகம் உப்பும், மலச்சிக்கல் வரும், படியேறினாலே அசதி தட்டும். அப்போது மருத்துவரிடம் போனால் கதை மறுபடி முதலில் இருந்து தொடங்கும்.

தைராய்டு மாத்திரையால் தூக்கம் கெடுமா? கெடலாம். ஆனால் பெரும்பாலும் அது மாத்திரையே ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்கான அடையாளம் அல்ல. அளவிலோ, நேரத்திலோ, கூடவே போடும் வேறு மருந்திலோ ஏதோ சரியில்லை என்று உடம்பு சொல்லும் தகவல். அந்தத் தகவலை எப்படிப் புரிந்துகொள்வது? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், உங்க மாத்திரை எது?

ஊரில் எல்லாவற்றுக்கும் "தைராய்டு மாத்திரை" என்று ஒரே பெயர்தான். ஆனால் இரண்டு எதிரெதிர் மருந்துகள் அந்தப் பெயரில் புழங்குகின்றன. ஹார்மோன் குறைவாகச் சுரப்பவர்களுக்குக் கொடுப்பது லெவோதைராக்ஸின். எல்ட்ராக்ஸின், தைரோநார்ம், தைராக்ஸ் போன்ற பெயர்களில் வருவது இதுதான். ஹார்மோன் அதிகமாகச் சுரப்பவர்களுக்குக் கொடுப்பது கார்பிமசோல் போன்றவை. இந்தக் கட்டுரை முழுவதும் முதல் வகையைப் பற்றியது. அட்டையிலோ டப்பாவிலோ லெவோதைராக்ஸின் அல்லது தைராக்ஸின் சோடியம் என்று இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அளவையும் பாருங்கள். இது மைக்ரோகிராம் கணக்கில் வரும் மருந்து. 25, 50, 75, 100 என்று பல அளவுகள் உண்டு. பார்க்க எல்லாம் குட்டி மாத்திரைதான். ஆனால் 25-க்கும் 100-க்கும் நான்கு மடங்கு வித்தியாசம். கடையில் மாற்றிக் கொடுத்து, அதைக் கவனிக்காமல் ஒரு மாதம் போட்டுவிட்டால் தூக்கம் கெடுவது ஆச்சரியமே இல்லை.

தைராய்டு நகரத்து நோய் என்று நினைக்க வேண்டாம். சென்னை உட்பட இந்தியாவின் 8 நகரங்களில் 5,376 பெரியவர்களிடம் நடத்தி 2013-ல் வெளியான ஆய்வில், சுமார் 11 சதவீதம் பேருக்கு ஹார்மோன் குறைபாடு இருந்தது. எண்ணிக்கை நகரங்களில் எடுக்கப்பட்டதே தவிர, நோய் ஊர் பார்த்து வருவதில்லை. குடவோலைக் கல்வெட்டுக்குப் பேர்போன உத்திரமேரூரிலும், அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் மாத்திரை வேலை செய்யும் விதம் ஒன்றுதான். வாழ்க்கை நேரம்தான் வேறு.

மாத்திரை உடம்பில் என்ன செய்கிறது?

கழுத்தின் முன்பக்கம் இருக்கும் தைராய்டு சுரப்பி டி4, டி3 என்று இரண்டு ஹார்மோன்களைச் சுரக்கிறது. இதயம் எவ்வளவு வேகமாகத் துடிக்க வேண்டும், சாப்பாடு எவ்வளவு வேகமாக எரிய வேண்டும், உடம்பு எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்பதில் எல்லாம் இவற்றுக்குக் கை உண்டு. மாத்திரையில் இருப்பது டி4. அதை உடம்பு தேவைக்கேற்ப டி3-ஆக மாற்றிக்கொள்ளும்.

1891-ல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் முர்ரே என்ற மருத்துவர், ஆட்டின் தைராய்டு சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசியாகப் போட்டு ஒரு பெண்ணைக் காப்பாற்றினார். அந்தப் பெண் அதற்குப் பிறகு 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1914 டிசம்பர் 25 அன்று, அதாவது கிறிஸ்துமஸ் நாளில், அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் எட்வர்ட் கெண்டல் தைராக்ஸினைத் தனியாகப் பிரித்தெடுத்தார். இன்று மருந்துக்கடையில் கிடைக்கும் மாத்திரைக்கு இவ்வளவு நீண்ட கதை இருக்கிறது. வெளியிலிருந்து வந்த ரசாயனம் என்று பயப்படுகிறவர்கள் ஒன்றை யோசிக்கலாம்: உங்கள் சுரப்பி தர வேண்டியதைத்தான் மாத்திரை தருகிறது.

இந்த மருந்தின் முக்கியமான குணம் அதன் நிதானம். தலைவலி மாத்திரை போல ஒரு மணி நேரத்தில் வேலை காட்டாது. ரத்தத்தில் இருக்கும் அளவு பாதியாகக் குறையவே சுமார் 7 நாள் ஆகும். தைராய்டு குறைவாக உள்ளவர்களுக்கு 9, 10 நாள் வரைகூட ஆகலாம்.

ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் மழைக்கு ஏரி நிரம்பிவிடாது. ஒருநாள் மதகைத் திறந்தால் வற்றியும் விடாது. மாத்திரையும் அப்படித்தான். தினமும் போட்டு, ரத்தத்தில் ஒரு நிலையான மட்டத்துக்கு வர 5, 6 வாரம் ஆகும். அதனால்தான் அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்து ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்கிறார்கள். நிறுத்தினால் முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியாமல் இருப்பதற்கும் காரணம் இதுதான். ஏரியில் தண்ணீர் மிச்சம் இருக்கிறது, அவ்வளவே.

தூக்கம் ஏன் கெடுகிறது?

நேரடியான காரணம், தேவைக்கு மேல் ஹார்மோன் போவது. அப்போது இதயம் வேகமாக அடிக்கும். கை லேசாக நடுங்கும். வியர்க்கும். அடிக்கடி வயிற்றுப்போக்கு போகும். காரணமில்லாமல் எரிச்சல் வரும். இத்தனையும் நடக்கும் உடம்பில் தூக்கம் எப்படி வரும்? படுத்தால் நெஞ்சு துடிப்பது காதில் கேட்கிறது என்று சிலர் சொல்வது இதைத்தான்.

அளவு சரியாகவே இருந்தாலும் ஆரம்ப வாரங்களில் சிலருக்கு ஒரு படபடப்பு இருக்கலாம். மாதக்கணக்கில் மெதுவாக ஓடிக்கொண்டிருந்த உடம்பு திடீரென்று வழக்கமான வேகத்துக்கு வருகிறது. அதற்குப் பழக நாள் பிடிக்கும். வயதானவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் 12.5 அல்லது 25 மைக்ரோகிராம் என்று குறைவாக ஆரம்பித்து மெல்ல ஏற்றுவது இதனால்தான். "ஏன் இவ்ளோ கம்மியா கொடுத்திருக்காங்க, ரெண்டா போட்டா சீக்கிரம் சரியாகும்" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்க வேண்டாம்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தோன்றுவதே இல்லை. தைராய்டு குறைவாக இருந்தபோது ஒருவர் இரவு முழுக்கத் தூங்கி, மதியமும் இரண்டு மணி நேரம் தூங்கியிருப்பார். அது நல்ல தூக்கம் அல்ல, நோயின் அசதி. மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்ததும் 7 மணி நேரத்தில் விழிப்பு வந்துவிடும். மதியத் தூக்கம் தேவைப்படாது. அதை "தூக்கம் குறைஞ்சு போச்சு" என்று எடுத்துக்கொள்கிறார்கள். காலையில் எழும்போது உடம்பு தெளிவாக இருந்தால், பகலில் கண் சொக்கவில்லை என்றால், அது குறைவான தூக்கம் இல்லை.

அளவு மாறல... ஆனா உடம்பு மாறியிருக்கு!

"மூணு வருஷமா இதே 75 தான் போடறேன், இப்ப மட்டும் ஏன் தூக்கம் வரல?" இந்தக் கேள்விக்கான பதில் பெரும்பாலும் தைராய்டு மாத்திரையில் இருக்காது. கூடவே போட்டுக்கொண்டிருந்த மற்ற மாத்திரைகளில் இருக்கலாம்.

இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் தைராய்டு மாத்திரையைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தத்துக்குள் போக விடாது. தமிழ்நாட்டில் இது சாதாரண விஷயம் அல்ல. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி இங்கே 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல். அதனால் இரும்புச்சத்து மாத்திரை இல்லாத வீடு குறைவு.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு பெண் காலையில் தைராய்டு மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒன்றாகப் போடுகிறார். தைராய்டு மருந்து முழுதாக ஏறவில்லை. பரிசோதனையில் குறைவு என்று வருகிறது. மருத்துவர் அளவை ஏற்றுகிறார். சில மாதம் கழித்து ரத்தம் ஏறிவிட்டது என்று இரும்பு மாத்திரை நிறுத்தப்படுகிறது. இப்போது தைராய்டு மருந்து தடையில்லாமல் முழுதாக உள்ளே போகிறது. அளவு அதே அளவுதான். ஆனால் உடம்புக்கு அது அதிகம். தூக்கம் போகிறது.

கேஸ் மாத்திரையிலும் இதே கதைதான். வயிற்றில் அமிலம் இருந்தால்தான் தைராய்டு மாத்திரை நன்றாகக் கரையும். ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் போன்றவை அந்த அமிலத்தைக் குறைப்பவை. காலை வெறும் வயிற்றில் இரண்டையும் ஒன்றாக விழுங்கும் பழக்கம் இங்கே ரொம்ப சகஜம். தொடர்ந்து போட்டாலும் சிக்கல், திடீரென்று நிறுத்தினாலும் சிக்கல். கேஸ் மாத்திரையை ஆரம்பிக்கும்போதும் நிறுத்தும்போதும் தைராய்டு பார்க்கும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

பிரசவம் இன்னொரு திருப்பம். கர்ப்ப காலத்தில் தைராய்டு மருந்தின் தேவை கூடும் என்பதால் அளவை ஏற்றுவார்கள். குழந்தை பிறந்ததும் பழைய அளவுக்குத் திரும்பி, 6 வாரம் கழித்து ரத்தம் பார்ப்பதுதான் முறை. இதை மறந்துவிட்டால் கர்ப்ப கால அளவே தொடரும். அம்மாவுக்கு நெஞ்சு படபடக்கும், தூக்கம் வராது. வீட்டில் எல்லோரும் என்ன சொல்வார்கள்? "கைக்குழந்தை இருக்கிற வீடு, அப்படித்தான் இருக்கும்." குழந்தை தூங்கும் நேரத்தில்கூட அம்மாவால் தூங்க முடியவில்லை என்றால் அது குழந்தையால் வந்த தூக்கமின்மை இல்லை.

உடல் எடை கணிசமாகக் குறைந்தாலும் மருந்தின் தேவை குறையலாம். மருந்து நிறுவனம் மாறினாலும் சிலருக்கு ரத்தத்தில் சேரும் அளவு சற்று மாறும். ஒரே நிறுவனத்தின் மாத்திரையைத் தொடர்வது நல்லது. மாற்ற வேண்டி வந்தால் 6 வாரத்துக்கு அப்புறம் ஒரு பரிசோதனை செய்துகொள்ளலாம்.

அமுக்கரா சூரணம் போடறீங்களா?

இது தனியாகவே சொல்ல வேண்டிய விஷயம். தூக்கம் வரவில்லை என்றதும் நம் ஊரில் முதலில் வரும் கைவைத்தியம், இரவில் பாலில் அமுக்கரா சூரணம். அஸ்வகந்தா என்ற பெயரில் மாத்திரையாகவும் விற்கிறது.

அமுக்கராவுக்குத் தைராய்டு ஹார்மோனை ஏற்றும் தன்மை இருக்கலாம் என்று சிறிய ஆய்வுகளில் தெரிய வந்திருக்கிறது. அதைச் சாப்பிட்டு ஹார்மோன் அளவுக்கு மீறிப் போனவர்கள் பற்றிய மருத்துவப் பதிவுகளும் உண்டு. ஏற்கெனவே மாத்திரை அதிகமாகித் தூக்கம் கெட்டவர், தூக்கத்துக்காக அமுக்கரா எடுத்தால் என்ன ஆகும்? எரிகிற விளக்கில் இன்னும் எண்ணெய் ஊற்றுவது போலத்தான். சித்த மருத்துவரிடம் போகிறவர்கள் தைராய்டு மாத்திரை போடுவதை அவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆங்கில மருத்துவரிடம் சூரணத்தை மறைப்பதும் அதே தப்புதான்.

மருந்துக்கடையில் தூக்க மாத்திரை கேட்டு வாங்குவது இன்னும் மோசம். அல்பிரசோலம், சோல்பிடெம் போன்றவை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத ஹெச்1 பட்டியலில் இருக்கும் மருந்துகள். பழக்கமாகிவிடும். அதோடு, தைராய்டு அளவு அதிகமாக இருக்கிறது என்ற உண்மையை அது மூடி மறைத்துவிடும். உள்ளே இதயம் வேகமாக அடித்துக்கொண்டே இருக்கும்.

எப்போ போடணும்? காலையிலா, ராத்திரியா?

பொதுவான விதி: காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில். அதற்கப்புறம் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை எதுவும் கூடாது. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி.

"எதுவும் கூடாது" என்றால் டீ, காபியும்தான். இதில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். பல் துலக்கியதும் கையில் டம்ளர் இருக்க வேண்டும் என்பது பலருக்கு நாற்பது வருடப் பழக்கம். மாத்திரையை டீயோடு விழுங்குகிறவர்களும் உண்டு. காபி, மருந்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கும் என்பது ஆய்வுகளில் உறுதியான விஷயம். பாலில் கால்சியம் இருக்கிறது. ஒருநாள் டீயோடு, ஒருநாள் தண்ணீரோடு என்று மாற்றி மாற்றிப் போட்டால் அளவு ஏறி இறங்கும். மீல் மேக்கர் போன்ற சோயா உணவுகளையும் மாத்திரை நேரத்தை ஒட்டிச் சாப்பிட வேண்டாம். முட்டைக்கோஸ், காலிஃப்ளவர் பயம் மட்டும் கொஞ்சம் மிகையானது. சமைத்து வழக்கமான அளவில் சாப்பிடலாம்.

சரி, ராத்திரி போட்டால் தூக்கம் கெடாதா? காபி மாதிரி விழிக்க வைத்துவிடாதா? இல்லை. மருந்து மெதுவாக வேலை செய்வது என்பதால் போட்ட அந்த நேரத்தில் விழிப்பு வருவதில்லை. நெதர்லாந்தில் 90 பேரிடம் நடத்தி 2010-ல் வெளியான ஆய்வில், ஒரே மருந்தைக் காலையிலும் இரவிலும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். இரவில் போட்டபோது ரத்தத்தில் ஹார்மோன் அளவு சற்று மேம்பட்டது. வாழ்க்கைத் தரம் பற்றிய கேள்விகளில் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனால் இரவு முறைக்கு ஒரு நிபந்தனை. சாப்பிட்டு 3 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். 7 மணிக்குச் சாப்பிட்டு 10 மணிக்குப் படுப்பவருக்குச் சரி. சீரியல் முடிந்து 9.30-க்குச் சாப்பிட்டு 10-க்குப் படுப்பவருக்கு ஆகாது. இரவில் பால் குடிப்பவர்களுக்கும், இரவுச் சாப்பாட்டோடு கால்சியம் மாத்திரை போடுபவர்களுக்கும் ஆகாது. இரவுக்கு மாற்றினால் மருந்து கூடுதலாக ஏறக்கூடும் என்பதால், மாற்றும் முன் மருத்துவரிடம் கேட்பது அவசியம். தூக்கம் இல்லாதவர் தானாகவே நேரத்தை மாற்றினால் தொல்லை கூடவும் வாய்ப்பு உண்டு.

கம்பெனி பஸ்ஸில் போறவங்க என்ன செய்வாங்க?

உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் நடவு, களையெடுப்புக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டாம் வகையினருக்கு ஷிப்ட் மாறும். "காலையில் வெறும் வயிற்றில்" என்ற வரி அவர்களுக்குப் பொருந்தாது. இரவு ஷிப்ட் முடித்து வருகிறவருக்குக் காலை என்பது தூங்கும் நேரம்.

இங்கே நினைவில் வைக்க வேண்டியது, முக்கியம் வெறும் வயிறுதான், கடிகாரம் இல்லை. அதிகாலை ஷிப்ட் என்றால் எழுந்தவுடன் மாத்திரை, பஸ் ஏறிப் போய் கேன்டீனில் சாப்பாடு. அதுவே இயல்பாக ஒரு மணி நேர இடைவெளி ஆகிவிடும். இரவு ஷிப்ட் முடித்து வீடு திரும்புகிறவர், கடைசியாகச் சாப்பிட்டு 3 மணி நேரம் ஆகியிருந்தால், குளித்துவிட்டு மாத்திரை போட்டுப் படுக்கலாம். எழுந்தபிறகு சாப்பாடு. ஷிப்ட் மாறும் வாரத்தில் சில மணி நேரம் முன்னே பின்னே போனால் பயப்பட வேண்டாம். ஏரி மட்டம் அதற்கெல்லாம் இறங்காது. நாள் தவறுவதுதான் தப்பு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இரவு ஷிப்ட் தானாகவே தூக்கத்தைக் கெடுக்கும். வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும் உடம்பு எந்த மாத்திரையும் போடாமலேயே திணறும். பழியை மாத்திரை மேல் போடும் முன், விடுமுறை நாட்களில் இரவில் தூக்கம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அப்போது நன்றாக வருகிறது என்றால் குற்றவாளி வேறு.

கர்ப்பிணிகளுக்கு ஒரு நாள் கணக்கு

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு இரும்பு மாத்திரை, கால்சியம் மாத்திரை இரண்டும் தருகிறார்கள். ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் இரும்புச்சத்து டானிக்கும் வருகிறது. இதோடு தைராய்டு மாத்திரையும் சேர்ந்தால் குழப்பம்தான். இப்படிப் பிரித்துப் பார்க்கலாம்: காலை 5.30-க்குத் தைராய்டு. 6.30-க்கு மேல் டீ, டிபன். மதியச் சாப்பாட்டோடு ஒரு கால்சியம். மாலை 4, 5 மணிக்கு இரும்பு. இரவுச் சாப்பாட்டோடு இரண்டாவது கால்சியம். இரும்பும் கால்சியமும்கூட ஒன்றாகச் சேரக் கூடாது என்பதால் இந்த வரிசை இரண்டு வேலையையும் செய்துவிடும். கிராம சுகாதார செவிலியரிடம் காட்டி, உங்களுக்கு எழுதிக் கொடுத்த மருந்துகளுக்கு ஏற்ப ஒரே காகிதத்தில் நேரம் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கர்ப்பம் உறுதியானதும் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். குழந்தைக்கு ஆகாது என்ற பயம். உண்மை நேர் எதிர். முதல் மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சி அம்மாவின் தைராய்டு ஹார்மோனை நம்பித்தான் இருக்கிறது. நிறுத்தக் கூடாது. உடனே மருத்துவரைப் பார்த்து அளவை ஏற்ற வேண்டுமா என்று கேட்க வேண்டும்.

ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

டிஎஸ்ஹெச் என்பது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி போடும் உத்தரவு. தைராய்டு குறைந்தால் உத்தரவு சத்தமாகும், டிஎஸ்ஹெச் ஏறும். ஹார்மோன் அதிகமானால் உத்தரவு அடங்கும், டிஎஸ்ஹெச் இறங்கும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, "டிஎஸ்ஹெச் கம்மியா வந்திருக்கு, மாத்திரையைக் கூட்டணும் போல" என்று தானே கூட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. தூக்கம் முழுசாகப் போவதற்கு அதைவிட நேரான வழி கிடையாது.

பொதுவாக 0.4 முதல் 4 வரை சரியான அளவு என்பார்கள். பரிசோதனைக் கூடத்துக்குக் கூடம் கொஞ்சம் மாறும். கர்ப்பிணிக்கும் எண்பது வயதுக்காரருக்கும் இலக்கு வேறு. தூக்கம் வராதவரின் டிஎஸ்ஹெச் ரொம்ப இறங்கியிருந்தால் அளவு அதிகம் என்று அர்த்தம். மருத்துவர் 12.5 அல்லது 25 குறைப்பார். மறுபடி 6 வாரம். டிஎஸ்ஹெச் சரியாக இருந்தும் தூக்கம் வரவில்லை என்றால் தைராய்டை விட்டுவிட்டு வேறு பக்கம் தேட வேண்டும்.

பரிசோதனைக்குப் போகும் நாளில் ரத்தம் கொடுத்தபிறகு மாத்திரை போடுங்கள். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை போடுகிறவர்கள் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும். ரத்தத்தில் பயோட்டின் இருந்தால் தைராய்டு ரிப்போர்ட் தப்பாக வரலாம். தைராய்டு உள்ளவர்களுக்கு முடி கொட்டுவதும் சகஜம் என்பதால் இந்தக் குழப்பம் அடிக்கடி நடக்கக்கூடியது.

உத்திரமேரூர் அரசு மருத்துவமனையில் விசாரித்துவிட்டு, தேவைப்பட்டால் காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனைக்கோ செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போகலாம். பஸ் ஏறிப் போவது ஒருநாள் கூலி போகும் வேலை என்பது உண்மைதான். அதனால் போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் பழைய ரிப்போர்ட்டுகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். "வெள்ளை கலர், சின்ன மாத்திரை" என்று சொல்லி யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

தைராய்டு சரி, தூக்கம் இல்லை என்றால்?

இரவில் காலில் ஏதோ ஊர்வது போல, காலை உதறிக்கொண்டே இருக்க வேண்டும் போல இருக்கிறதா? அந்தக் கால் குடைச்சல் இரும்புச்சத்துக் குறைவால் வரலாம். பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுவது இருந்தால் அது வேறு நோய். தைராய்டு குறைவாக உள்ளவர்களிடம் அதுவும் காணப்படுகிறது. 45 வயதைத் தாண்டிய பெண்களுக்கு நடு இரவில் உடம்பு திகுதிகுவென்று எரிந்து வியர்த்தால், மாதவிடாய் நிற்கும் காலமாக இருக்கலாம். படபடப்பு, வியர்வை, விழிப்பு என மூன்றும் இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பதால், ரத்தப் பரிசோதனை இல்லாமல் பிரித்துச் சொல்ல முடியாது.

மீதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். மாலை 4 மணிக்கு மேல் டீ, காபி வேண்டாம். மதியத் தூக்கம் அரை மணிக்கு மேல் வேண்டாம். படுக்கையில் செல்போன் வேண்டாம், இந்தக் கட்டுரையைப் படிப்பதாக இருந்தாலும்!

மாத்திரையை வைக்கும் இடத்தையும் பாருங்கள். இந்த மருந்துக்கு வெயில், ஈரம், வெளிச்சம் மூன்றுமே ஆகாது. தகரக் கூரை வீட்டில், சித்திரை வெயிலில், டிவி மேல் வைத்த மாத்திரை வீரியம் இழக்கலாம். அடுப்பு மேடையும் வேண்டாம். கூடத்தில் நிழலான அலமாரி போதும். டப்பாவில் வந்ததை டப்பாவிலேயே வையுங்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

லேசான தூக்கக் குறைவு மட்டும் என்றால் ஆரம்ப வாரங்களில் பொறுத்துப் பார்க்கலாம். எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை முறை விழித்தீர்கள், மாத்திரை எப்போது போட்டீர்கள் என்று காலண்டர் தாளில் குறித்து வைத்தால் மருத்துவருக்கு அது பெரிய உதவி. கூடவே, உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஓய்வெடுத்தபின் மணிக்கட்டில் நாடியை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். ஓய்விலும் 100-க்கு மேல் போகிறது என்றால் 6 வாரம் ஆகட்டும் என்று இருக்க வேண்டாம். அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். கை நடுக்கம், எடை வேகமாகக் குறைவது, ஓயாத வயிற்றுப்போக்கு இருந்தாலும் அப்படியே.

நாடி தாறுமாறாகத் துடித்தால், நெஞ்சு வலித்தால், மூச்சு வாங்கினால், மயக்கம் வந்தால் உடனே 108. மற்ற சந்தேகங்களுக்கு அரசின் 104 சேவையில் பேசலாம்.

ஒருநாள் மாத்திரையை மறந்துவிட்டால்? அன்றைக்கே நினைவு வந்தால், வயிறு காலியாக இருக்கும் நேரம் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் அன்றைய மாத்திரையோடு தொடரலாம். பல நாள் தொடர்ந்து விட்டுப்போயிருந்தால், சேர்த்து வைத்து ஒரேயடியாகப் போடாமல் மருத்துவரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.